வெளிநாட்டில் முதல் கிளை அலுவலகம்: பதிவு, வரி, வங்கிக் கணக்கு, கையெழுத்து அதிகாரம் குறித்து வழிகாட்டல் தேவை

நீர்விசை எழுதியது:

வணக்கம். தொழிற்சாலைகளுக்கான பெரிய நீரேற்றுப் பம்புகளைத் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் செயல்பாட்டுப் பிரிவில் பணியாற்றுகிறேன். பல நாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறோம் என்றாலும், இதுவரை எல்லாமே அந்தந்த நாட்டு விநியோகஸ்தர்கள் வழியாகத்தான் நடந்துவந்தது. இப்போது ஒரு நாட்டில் மட்டும் எங்கள் பம்புகள் ஏராளமாக நிறுவப்பட்டுவிட்டன. பம்பு நின்றால் மறுநாளே வந்து பார்க்கக்கூடிய பொறியாளர் தங்கள் நாட்டிலேயே இருக்க வேண்டும் என்று அங்குள்ள வாடிக்கையாளர்கள் வலியுறுத்துகிறார்கள். ஆகவே அங்கே ஒரு கிளை அலுவலகம் திறப்பதென இயக்குநர் குழு முடிவெடுத்து, எட்டு மாதத்துக்குள் அதை இயங்கச் செய்யும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறது.

நான் சட்டமோ கணக்கியலோ படித்தவன் அல்லன். மூன்று ஆலோசகர்களிடம் பேசினேன். ஒருவர் கிளையே போதும் என்கிறார். இன்னொருவர் தனித் துணை நிறுவனமாகப் பதிவு செய்வதே பாதுகாப்பு என்கிறார். மூன்றாமவர் முதலில் தொடர்பு அலுவலகம் மட்டும் வைத்து ஓராண்டு பார்க்கச் சொல்கிறார். எந்த நாடு என்பதை நிறுவன விதிகளின் காரணமாக இங்கே குறிப்பிட இயலவில்லை. எந்த நாட்டுக்குப் போனாலும் முதலில் யோசிக்க வேண்டியவை எவை, எந்த வேலை அதிக நாள் இழுக்கும், யாரை அனுப்புவது நல்லது என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் எடுத்துரைத்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பேரேடு எழுதியது:

வணக்கம், நீர்விசை அவர்களே. இருபதாண்டுகளாகப் பல நிறுவனங்களின் வெளிநாட்டுக் கிளைகளுக்குக் கணக்கு எழுதியும் தணிக்கை செய்தும் வருகிறேன். மூன்று ஆலோசகர்களும் மூன்று விதமாகச் சொல்வதில் வியப்பில்லை, ஏனெனில் ஒவ்வொருவரும் வேறொரு இடர்ப்பாட்டை மனத்தில் வைத்துப் பேசியிருப்பார்கள்.

துணை நிறுவனம் என்பது சட்டத்தின் கண்ணில் வேறொரு ஆள். அது கடன் பட்டால் அதன் சொத்தோடு பெரும்பாலும் பொறுப்பு நின்றுவிடும். கிளை அப்படியல்ல, அதற்கென்று தனிச் சட்ட உயிர் கிடையாது. கிளை மேலாளர் அங்கே போடும் கையெழுத்து உங்கள் தலைமையகத்தின் கையெழுத்தே. அங்கே பழுது பார்த்த பம்பு வெடித்து ஒருவர் காயமுற்றால், இழப்பீட்டு வழக்கு உங்கள் நிறுவனத்தின் மீதே, அதன் முழுச் சொத்தின் மீதே வரும். கிளையா, துணை நிறுவனமா என்ற கேள்வியை வரி விகிதத்திலிருந்து தொடங்குவதே பலர் செய்யும் தவறு. "அந்த நாட்டில் நடக்கும் எதற்கெல்லாம் நாம் முழுப் பொறுப்பேற்கத் தயார்?" என்பதிலிருந்து தொடங்குங்கள்.

கிளையில் நன்மைகளும் உண்டு. தலைமையகத்தின் நிதி வலிமையையும் பல்லாண்டு அனுபவத்தையும் காட்டிப் பெரிய டெண்டர்களில் கலந்துகொள்ளலாம். உங்கள் நாடு நிறுவனத்தின் உலகளாவிய வருமானத்துக்கு வரி விதிக்கும் நாடாக இருந்தால், தொடக்க ஆண்டுகளில் கிளைக்கு வரும் நட்டம் தலைமையகத்தின் இலாபத்தில் கழிவதற்கும் பெரும்பாலும் வழி இருக்கும். துணை நிறுவனத்தின் நட்டம் பொதுவாக அந்த நாட்டிலேயே தங்கிவிடும்.

ஆனால் கிளையைப் பதிந்தால் உங்கள் தாய் நிறுவனத்தின் கணக்கறிக்கை அந்த நாட்டுப் பொதுப் பதிவேட்டுக்குப் போகக்கூடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2017ஆம் ஆண்டு நிறுவனச் சட்ட வழிகாட்டுநெறி, கிளை திறப்பவர் தம் முழு நிறுவனத்தின் கணக்குகளையும் வெளியிட வேண்டும் என்கிறது. பிரிட்டனில் கிளை திறந்த ஒரு மாதத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். இந்தியாவில் 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 380ஆம் பிரிவுப்படி 30 நாள் கெடு. உங்கள் இயக்குநர்கள் கணக்கை வெளியில் காட்ட விரும்பாதவர்கள் என்றால் இதை இன்றே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் ஆலோசகர் சொன்ன தொடர்பு அலுவலகம் விசாரிக்கவும், அறிமுகம் செய்யவும், தகவல் சேர்க்கவும் மட்டுமே. அது ஒரு விலைப்பட்டியல்கூட வெளியிடக் கூடாது. பம்பு பழுது பார்த்துக் கட்டணம் வாங்குவது உங்கள் நோக்கம் என்பதால் அது உங்களுக்குப் பொருந்தாது.

நாட்டுக்கு நாடு தகுதி நிபந்தனைகளும் வேறுபடும். எடுத்துக்காட்டாக, இந்திய ரிசர்வ் வங்கியின் 2016ஆம் ஆண்டு விதிமுறைகள், கிளை திறக்க வரும் வெளிநாட்டு நிறுவனம் அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகள் தன் நாட்டில் இலாபம் ஈட்டியிருக்க வேண்டும், நிகர மதிப்பு 1,00,000 அமெரிக்க டாலருக்குக் குறையக் கூடாது என்று வகுத்தன. தொடர்பு அலுவலகத்துக்கு மூன்று ஆண்டுகளும் 50,000 டாலரும். எந்தெந்தத் தொழில்களைக் கிளை செய்யலாம் என்ற பட்டியலும் அவற்றில் இருந்தது. சில்லறை வணிகம் அதில் இல்லை. நீங்கள் செல்லும் நாட்டிலும் இத்தகைய பட்டியல் உண்டா, அதில் "பழுது பார்த்தல்" என்ற சொல் இருக்கிறதா என்று விண்ணப்பம் எழுதும் முன் பாருங்கள்.

திசைகாட்டி எழுதியது:

பேரேடு அவர்கள் சொல்வது சரி என்றாலும், நடைமுறையில் இன்னொரு வழியும் உண்டு. எங்கள் நிறுவனம் உடனடியாகப் பதிவு எதுவும் செய்யாமல், அந்த நாட்டில் ஒரு பொறியாளரைத் தேர்ந்தெடுத்து, அங்குள்ள ஓர் ஆள்சேர்ப்பு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் அவரை வைத்து ஓராண்டு வேலை வாங்கியது. அவர் வீட்டிலிருந்தே வேலை செய்தார். வாடகை இல்லை, பதிவு இல்லை, ஆண்டறிக்கை இல்லை. சந்தை நிலைத்த பிறகே கிளையைத் திறந்தோம். எட்டு மாதக் கெடுவில் இருப்பவருக்கு இது மூச்சு விட இடம் தரும் என்று கருதுகிறேன்.

பேரேடு எழுதியது:

திசைகாட்டி அவர்களே, இந்த வழி சிலருக்குப் பொருந்தும் என்பதை மறுக்கவில்லை. நீர்விசை அவர்களின் தொழிலுக்கு இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது.

கிளை என்று பதிந்தால்தான் வரி வரும், பதியாவிட்டால் வராது என்பது உண்மையல்ல. பதிவு கம்பெனிச் சட்டத்தின் விஷயம். வரிச் சட்டம் "நிரந்தர அமைவிடம்" என்ற வேறொரு அளவுகோலை வைத்திருக்கிறது. ஓஇசிடி எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு, நாடுகள் தமக்குள் வரி ஒப்பந்தம் எழுதும்போது பின்பற்ற ஒரு மாதிரி ஒப்பந்தம் வைத்திருக்கிறது; அதன் 5ஆம் உறுப்பு அதைத்தான் பேசுகிறது. ஓர் இடத்தில் நிலையாக இருந்து உங்கள் தொழில் முழுமையாகவோ பகுதியாகவோ நடந்தால், பெயர்ப்பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது நிரந்தர அமைவிடமே. ஆயத்த வேலை, துணை வேலை ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. உதிரிப் பாகங்களை அடுக்கி வைக்க ஒரு கிடங்கு மட்டும் வைத்திருந்தால் அந்த விலக்கைக் கோரலாம். ஆனால் தாம் விற்ற இயந்திரங்களுக்கு உதிரிப் பாகம் கொடுப்பதோடு அவற்றைப் பராமரித்துப் பழுதும் பார்க்கும் நிலையான இடம் அந்த விலக்குக்குள் வராது என்று அந்த ஒப்பந்தத்தின் விளக்கவுரையே சொல்கிறது. நீங்கள் செய்யப்போவது துல்லியமாக அதுதான்.

இதற்கு மேல், பொறியாளர் வாடிக்கையாளரிடம் பேசி, விலை ஒத்துக்கொண்டு, தலைமையகம் அதை மாற்றமின்றி ஒப்பமிடும் வழக்கம் உருவாகிவிட்டால் இன்னொரு சிக்கலும் எழும். முன்பெல்லாம் ஒப்பந்தத்தில் யார் கையெழுத்திடுகிறார் என்பதையே பெரிதும் பார்த்தார்கள். அந்த மாதிரியின் 2017ஆம் ஆண்டு திருத்தத்துக்குப் பிறகு, ஒப்பந்தம் உருவாவதில் தொடர்ந்து முதன்மைப் பங்கு வகிப்பவரே நிரந்தர அமைவிடத்தை உண்டாக்கிவிடலாம். அதே ஆண்டு ஜூன் 7 அன்று பாரிஸில் கையெழுத்தான பலதரப்பு உடன்படிக்கை வழியாக, அதை ஏற்ற நாடுகளின் பழைய ஒப்பந்தங்களிலும் இந்த மாற்றம் புகுந்துவிட்டது. ஐக்கிய நாடுகளின் மாதிரி ஒப்பந்தத்தைப் பின்பற்றும் நாடென்றால், இடமே இல்லாவிட்டாலும், உங்கள் ஆட்கள் எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 183 நாளுக்கு மேல் அங்கே சேவை செய்தாலே போதும்.

பதியாமல் ஓராண்டு வேலை செய்துவிட்டுப் பிறகு கிளை திறந்தால், "அதற்கு முந்தைய ஓராண்டு இங்கே என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று வரி அதிகாரி கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் எழுத நான் உதவியிருக்கிறேன். கிளையை முறையாகத் திறப்பதைவிட அது பல மடங்கு கடினமான வேலை.

முத்திரை எழுதியது:

ஆவணங்கள் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை என்பதால் நான் தொடங்குகிறேன். நிறுவனச் செயலர் அலுவலகத்தில் பணி செய்கிறேன். இதுவரை நான்கு நாடுகளுக்குப் பதிவு ஆவணங்களைத் தயார் செய்து அனுப்பியிருக்கிறேன்.

எல்லா நாடுகளும் ஏறக்குறைய ஒரே கட்டைத்தான் கேட்கின்றன: நிறுவனப் பதிவுச் சான்றிதழ், அமைப்பு விதிகள், கிளை திறக்க இயக்குநர் குழு நிறைவேற்றிய தீர்மானம், அங்கே நிறுவனத்தின் சார்பில் செயல்படப்போகிறவருக்கான அதிகாரப் பத்திரம், அண்மைக் கணக்கறிக்கை, இயக்குநர்களின் அடையாளச் சான்றுகள். இவற்றை நோட்டரியிடம் சான்று பெற்று, பிறகு அப்போஸ்டில் முத்திரை வாங்கி, அந்த நாட்டு மொழியில் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு பெயர்க்க வேண்டும். அப்போஸ்டில் என்பது 1961 அக்டோபர் 5 அன்று தி ஹேக் நகரில் உருவான உடன்படிக்கையின்படி வழங்கப்படும் சான்று. இரு நாடுகளும் அதில் உறுப்பினராக இருந்தால் தூதரகத்துக்கு அலைய வேண்டியதில்லை. ஒரு நாடு இல்லையென்றாலும் தூதரகச் சான்று தேவைப்படும், அதற்குக் கூடுதல் வாரங்களை ஒதுக்குங்கள். சீனாவில் 2023 நவம்பர் 7 முதலும் கனடாவில் 2024 ஜனவரி 11 முதலும்தான் இந்த உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய கோப்பைப் பார்த்து நடைமுறையை அப்படியே பின்பற்றாதீர்கள்.

அப்போஸ்டில் என்பது ஒவ்வொரு பக்கமும் 9 சென்டிமீட்டருக்குக் குறையாத ஒரு சதுரக் கட்டம். எண்ணிட்ட பத்து வரிகள், மேலே பிரெஞ்சு மொழியில் தலைப்பு. கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்பதை மட்டுமே அது சொல்கிறது. உள்ளே எழுதியிருப்பது சரியா என்பதை அது சொல்வதில்லை.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். அதிகாரப் பத்திரம் ஏழு தாள். நோட்டரி அதை நாடாவால் தைத்து, கடைசித் தாளின் மீது மெழுகு முத்திரை இட்டு, அப்போஸ்டில் தாளையும் சேர்த்துக் கட்டித் தந்தார். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் நகல் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று நாடாவை அவிழ்த்து, ஒவ்வொரு தாளாக ஸ்கேன் செய்து, மறுபடியும் கவனமாகக் கட்டி வைத்துவிட்டார். வெளிநாட்டுப் பதிவகத்தில் இருந்த அலுவலர் அதைக் கையில் வாங்கியதும் படிக்கக்கூட இல்லை. நாடாவின் துளை இரண்டாக இருப்பதை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். தைத்த கட்டு ஒருமுறை பிரிந்தால் தாள் மாற்றப்பட்டிருக்கலாம் என்பதே அவர்களின் நிலைப்பாடு, அது நியாயமானதும்கூட. மீண்டும் முதலிலிருந்து செய்து முடிக்க ஐந்து வாரம் ஆயிற்று. அதற்குள் பதிவுச் சான்றிதழ் மூன்று மாதத்துக்கு மேல் பழையதாகிவிட்டதால் அதையும் புதிதாக வாங்கினோம். அன்றிலிருந்து ஒவ்வொரு ஆவணத்திலும் மூன்று மூலப் பிரதிகள் தயார் செய்கிறேன்; அவற்றுள் ஒன்றை மட்டும் கட்டுவதற்கு முன்பே ஸ்கேன் செய்துவிடுவேன்.

இயக்குநர்களின் பெயர் கடவுச்சீட்டில், தீர்மானத்தில், பதிவுச் சான்றிதழில் ஒரே எழுத்துக்கூட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். முதலெழுத்தை விரித்து எழுதும் வழக்கம் இல்லாத நாடுகளில் இது பெரிய தடையாகிறது.

நீர்விசை எழுதியது:

முத்திரை அவர்களே, மூன்று பிரதிகள் என்ற யோசனையை இன்றே எங்கள் செயலருக்கு அனுப்பிவிட்டேன். பேரேடு அவர்கள் சொன்ன பிறகு தொடர்பு அலுவலகம், பதியாமல் தொடங்குவது ஆகிய இரண்டையும் ஒதுக்கிவிட்டோம்.

இப்போது வேறொரு முடிச்சில் சிக்கியிருக்கிறேன். அலுவலக முகவரி இல்லாமல் பதிவு இல்லை என்கிறது பதிவகம். உள்ளூர் வங்கிக் கணக்கிலிருந்து முன்பணம் வராமல் வாடகை ஒப்பந்தம் இல்லை என்கிறார் கட்டட உரிமையாளர். பதிவுச் சான்றிதழ் இல்லாமல் கணக்குத் தொடங்க இயலாது என்கிறது வங்கி. இதை எங்கிருந்து அவிழ்ப்பது?

வரவேடு எழுதியது:

நிறுவன நிதிப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். இந்த முடிச்சைப் பொதுவாக முகவரியிலிருந்துதான் அவிழ்ப்பார்கள். அங்குள்ள வழக்கறிஞர் அல்லது கணக்காயர் அலுவலகத்தின் முகவரியைப் பதிவு முகவரியாக வைக்கச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்று கேளுங்கள். பல நாடுகளில் இடமுண்டு. இல்லையென்றால் மாதக் கணக்கில் கிடைக்கும் தயார்நிலை அலுவலகம் ஒன்றை எடுத்து, முன்பணத்தைத் தலைமையகத்திலிருந்தே அனுப்புங்கள். பழுது பார்க்கும் கூடத்துக்கான நிரந்தர இடத்தைப் பிறகு பார்க்கலாம்.

உங்கள் எட்டு மாதத்தில் பெரும்பகுதியை விழுங்கப்போவது வங்கிக் கணக்குதான். பதிவகம் சட்டத்தில் உள்ள ஆவணங்களை மட்டும் கேட்கும். வங்கியோ தான் திருப்தியடையும் வரை கேட்டுக்கொண்டே இருக்கும். அதைக் குறை சொல்லவும் முடியாது. எஃப்.ஏ.டி.எஃப். என்ற பன்னாட்டு அமைப்பு பணமோசடித் தடுப்புக்கு வகுத்த பரிந்துரைகளின்படி, நிறுவனத்தை இறுதியில் ஆள்கிற மனிதர்கள் யார் என்பதை வங்கி அறிந்தாக வேண்டும். பொதுவாக 25 விழுக்காட்டுக்கு மேல் பங்கு வைத்திருக்கும் ஒவ்வொரு தனிமனிதரின் அடையாளமும் கேட்கப்படும். உங்கள் பங்குகளை வேறொரு நிறுவனமோ அறக்கட்டளையோ வைத்திருந்தால், அதற்குப் பின்னால் இருப்பவர் வரை படம் வரைந்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் சான்று கொடுக்க வேண்டும். இந்தப் படத்தை வங்கி கேட்கும் முன்பே தயார் செய்து கொண்டுபோனால் பல வாரங்கள் மிச்சமாகும். உங்கள் தலைமையகம் கணக்கு வைத்திருக்கும் வங்கிக்கு அந்த நாட்டில் கிளை இருந்தால் அங்கிருந்தே தொடங்குங்கள்.

கணக்குத் தொடங்கும்போதே கையெழுத்து வரம்பை எழுதிவிடுங்கள். கிளை மேலாளர் தனியாக எவ்வளவு வரை பணம் செலுத்தலாம், எதற்கு மேல் தலைமையகத்தின் இரண்டாம் ஒப்புதல் வேண்டும், கடன் வாங்கவும் உத்தரவாதம் கொடுக்கவும் அவருக்கு அதிகாரம் இல்லை என்பதெல்லாம் வங்கி ஆணையிலும் அதிகாரப் பத்திரத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்றில் வரம்பு இருந்து மற்றொன்றில் இல்லையென்றால் வரம்பே இல்லாததற்குச் சமம்.

1762இல் தொடங்கிய பேரிங்ஸ் வங்கி 1995 பிப்ரவரியில் வீழ்ந்ததை இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். சிங்கப்பூரில் இருந்த அதன் துணை நிறுவனத்தில், பேரம் செய்தவரே அந்தப் பேரங்களைக் கணக்கில் சரிபார்க்கும் பிரிவுக்கும் பொறுப்பாக இருந்தார். இழப்பு 82.7 கோடி பவுண்டு. இருநூறாண்டு வங்கியை ஓர் அலுவலகம் வீழ்த்தியது என்றால், செலவு செய்கிறவரும் அதைச் சரிபார்க்கிறவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்ற எளிய விதி அங்கே பின்பற்றப்படாததே முக்கியக் காரணம். நான்கு பேர் மட்டும் உள்ள புதுக் கிளையில் இதைப் பின்பற்றுவது கடினம் என்பது உண்மை. அதனால்தான் சரிபார்க்கும் வேலையைத் தலைமையகத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

கைவிளக்கு எழுதியது:

மனிதவளப் பிரிவிலிருந்து எழுதுகிறேன். யாரை அனுப்புவது என்று நீர்விசை ஐயா முதலிலேயே கேட்டிருந்தார்; அதை நாமெல்லாம் கடந்து வந்துவிட்டோம்.

தலைமையகத்திலிருந்து ஒருவரை ஆறு மாதத்துக்குள் அனுப்பித் திரும்ப அழைத்தால் அவருக்கு அங்கே வருமான வரி வராது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பன்னிரண்டு மாதத்தில் 183 நாளுக்கு மேல் தங்காதவரின் சம்பளத்துக்கு அங்கே வரி இல்லை என்ற விதியை அரைகுறையாகப் படித்ததால் வந்த நம்பிக்கை அது. ஓஇசிடி மாதிரி ஒப்பந்தத்தின் 15ஆம் உறுப்பு மூன்று நிபந்தனைகளைச் சேர்த்தே விதிக்கிறது. அவற்றுள் ஒன்று, அவருடைய சம்பளம் அந்த நாட்டில் உள்ள நிறுவனத்தின் நிரந்தர அமைவிடத்தின் மீது ஏற்றப்படக் கூடாது என்பது. கிளை திறந்த பிறகு அவர் கிளைக்காகவே உழைக்கிறார், சம்பளமும் கிளையின் செலவாகவே எழுதப்படுகிறது என்றால், முதல் நாளிலிருந்தே அங்கே வரி உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு பொறியாளர் நான்கு மாதம் பணியாற்றித் திரும்பிய பிறகு, அடுத்த ஆண்டு வரி அறிவிக்கை வந்து மிகவும் மனம் வருந்தினார். பிழை அவருடையது அல்ல. அனுப்புவதற்கு முன் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியது எங்கள் கடமை.

சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு தனிக் கணக்கு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் அனுப்பினால் அவர் எந்த நாட்டுத் திட்டத்தில் இருக்கிறார் என்று காட்டும் ஏ1 சான்றிதழோடு 24 மாதம் வரை சொந்த நாட்டுத் திட்டத்திலேயே தொடரலாம். மற்ற நாடுகளுக்கிடையே இருதரப்பு ஒப்பந்தம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு நாட்டிலும் கட்ட நேரிடும்.

உள்ளூரில் எடுப்பவர்களுக்குத் தலைமையகத்தின் நியமன ஆணையை மொழிபெயர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். "இந்த ஒப்பந்தத்துக்கு எங்கள் நாட்டுச் சட்டமே பொருந்தும்" என்று எழுதினாலும், வேலை நேரம், விடுப்பு, பணிநீக்க முன்னறிவிப்பு ஆகியவற்றில் அந்த நாட்டுக் கட்டாய விதிகளே நிற்கும்.

தலைமைப் பொறுப்புக்கு அந்த நாட்டவரையே எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மொழி, வாடிக்கையாளர் பழக்கம், அரசு அலுவலக நடைமுறை மூன்றும் அவருக்கு இயல்பாகவே தெரியும்.

திசைகாட்டி எழுதியது:

பதியாமல் தொடங்குவது குறித்து நான் எழுதியதைப் பேரேடு அவர்களின் விளக்கத்துக்குப் பிறகு திருத்திக்கொள்கிறேன். எங்கள் தொழில் மென்பொருள் விற்பனை, அங்கே கூடம் எதுவும் இருக்கவில்லை.

ஆனால் கைவிளக்கு அம்மாவின் கடைசிக் கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. முதல் இரண்டு ஆண்டுகளாவது தலைமையகத்தில் பழகியவர் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். டென்மார்க்கின் டான்ஸ்கே வங்கி 2007இல் ஒரு ஃபின்லாந்து வங்கியை வாங்கியபோது அதன் எஸ்டோனியப் பிரிவும் கூடவே வந்தது; 2008இல் அதைத் துணை நிறுவனம் என்ற நிலையிலிருந்து கிளையாக மாற்றினார்கள். அதாவது பேரேடு அவர்கள் சொன்னபடி, அன்றிலிருந்து அதன் பொறுப்பு முழுவதும் தலைமையகத்துடையது. ஆனால் செலவு அதிகம் என்று கருதித் தலைமையகத்தின் கணினி அமைப்போடு அதை இணைக்கவில்லை. அங்கிருந்த ஆவணங்களில் பல எஸ்டோனிய மொழியிலும் ரஷ்ய மொழியிலும் இருந்தன. 2015 வரை அந்தச் சிறு கிளை வழியாக வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் சுமார் 20,000 கோடி யூரோ பாய்ந்தது என்றும், அதில் பெரும்பகுதி ஐயத்துக்குரியது என்றும் 2018 செப்டம்பரில் வெளியான விசாரணை அறிக்கை கூறியது. தலைமை நிர்வாகி பதவி விலகினார். 2022 டிசம்பரில் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சுமார் 200 கோடி டாலர் செலுத்த அந்த வங்கி உடன்பட்டது. பொறுப்பு கோபன்ஹேகன் தலைமையகத்தில் இருந்தது; பார்வை மட்டும் அங்கிருந்து எஸ்டோனியத் தலைநகர் தாலின் வரை செல்லவில்லை.

கைவிளக்கு எழுதியது:

அந்தக் கதையை நான் வேறு விதமாகப் படிக்கிறேன். தலைமையகத்திலிருந்து ஒருவரை அனுப்பியிருந்தாலும், அவருக்கு அந்த இரண்டு மொழிகளும் தெரியாவிட்டால் பயன் என்ன? அவரும் தம் மேசைக்கு வரும் சுருக்கத்தைத்தான் படித்திருப்பார். எங்கள் கிளையில் மேலாளர் உள்ளூரவர்; கணக்கு மட்டும் தலைமையகத்தின் மென்பொருளிலேயே, அங்குள்ள மொழியும் கணக்கியலும் அறிந்த ஒருவரால் பதியப்படுகிறது. அவர் கிளை மேலாளருக்குக் கீழே இல்லை, தலைமையகத்தின் நிதிப் பிரிவுக்கு நேரடியாகப் பதில் சொல்கிறார். ஆள் எந்த நாட்டவர் என்பதைவிட அவர் யாருக்குப் பதில் சொல்கிறார் என்பதே முக்கியமானது.

பேரேடு எழுதியது:

கைவிளக்கு அம்மா சொன்ன ஏற்பாட்டைத்தான் நானும் பரிந்துரைப்பேன். கணக்கு குறித்து இரண்டொன்று சேர்க்கிறேன்.

கிளைக்குத் தனிப் புத்தகம் முதல் நாளிலிருந்தே வேண்டும். அந்த நாட்டு வரித் துறை, கிளையைத் தனியாக இயங்கும் ஒரு நிறுவனம்போல் பாவித்து, அது எவ்வளவு இலாபம் ஈட்டியிருக்கும் என்று கேட்கும். ஓஇசிடி மாதிரியின் 7ஆம் உறுப்பு 2010இல் இதை இன்னும் அழுத்தமாக எழுதிக்கொண்டது. தலைமையகம் அனுப்பும் உதிரிப் பாகத்துக்கு என்ன விலை, தலைமையகத்தின் கணினி, நிர்வாகச் செலவுகளில் கிளையின் பங்கு எவ்வளவு என்பதற்கு எழுத்தில் ஓர் அடிப்படை வையுங்கள். கிளையும் தலைமையகமும் சட்டப்படி ஒரே ஆள் என்பதால் அவை தமக்குள் ஒப்பந்தம் செய்துகொள்ள இயலாது. ஆனால் கணக்கிட்ட முறையை விளக்கும் உள்குறிப்பு ஒன்றை ஆண்டுதோறும் தேதியிட்டு வைத்திருந்தால், நான்கு ஆண்டு கழித்து வரும் விசாரணையில் அதுவே உங்களுக்குத் துணை நிற்கும்.

இலாபத்தைத் தாய்நாட்டுக்கு அனுப்பும்போது கூடுதல் வரி உண்டா என்றும் பாருங்கள். அமெரிக்கா 1986ஆம் ஆண்டு வரிச் சீர்திருத்தத்தில் கிளை இலாப வரி என்று 30 விழுக்காட்டைக் கொண்டுவந்தது. ஒப்பந்தம் உள்ள நாடுகளுக்கு அது குறையலாம் அல்லது நீங்கலாம். இது தெரியாமல் "கிளையில் ஈவுத்தொகை வரி இல்லை" என்று திட்டமிட்டவர்கள் உண்டு.

நீர்விசை எழுதியது:

ஏழு மாதம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறேன். கிளை பதிவாகிவிட்டது, பொறியாளர்கள் இருவர் பணியைத் தொடங்கிவிட்டார்கள். வழக்கறிஞர் அலுவலக முகவரியில் பதிந்து, பிறகு கூடத்துக்கு மாறினோம். பதிவகம் 19 நாளில் முடித்துவிட்டது. வங்கிக் கணக்குக்கு 14 வாரம் ஆயிற்று. வரவேடு அவர்கள் சொன்ன உரிமையாளர் படத்தை முன்கூட்டியே கொடுத்திராவிட்டால் இன்னும் நீண்டிருக்கும். மேலாளர் அந்த நாட்டவர். கணக்கர் எங்கள் நிதிப் பிரிவுக்கு நேரடியாகப் பதில் சொல்கிறார். அதிகாரப் பத்திரத்தை எழுதிய நாளில் எங்கள் இயக்குநர்கள் மூன்று மணி நேரம் அமர்ந்து ஒவ்வொரு அதிகாரத்தையும் தனித்தனியாக விவாதித்தார்கள். எந்தக் கூட்டத்திலும் அவர்கள் அவ்வளவு கவனமாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஒரு கேள்வி மட்டும் எஞ்சியிருக்கிறது. இந்த மேலாளர் நாளை பதவி விலகினால், அதிகாரப் பத்திரத்தை இரத்துச் செய்து அவருக்குக் கடிதம் அனுப்பினால் போதுமா?

முத்திரை எழுதியது:

போதாது. பதிவேட்டில் அவர் பெயர் நீங்கும் வரை, அதை நல்லெண்ணத்தோடு நம்பி அவருடன் ஒப்பந்தம் செய்தவரிடம் "அவருக்கு அதிகாரம் இல்லை" என்று வாதிடுவது மிகக் கடினம். அவர் விலகும் அன்றே வங்கிக்கு எழுத்தில் அறிவித்து ஒப்புகை வாங்குங்கள். பத்திரத்தின் மூலப் பிரதிகள் அத்தனையையும் எண்ணித் திரும்பப் பெறுங்கள். பதிவகத்தில் மாற்றத்தைத் தாக்கல் செய்யுங்கள். அந்தத் தாக்கலுக்கும் இயக்குநர் குழுத் தீர்மானமும் அப்போஸ்டிலும் கேட்பார்கள், அதற்குச் சில வாரம் ஆகும். ஆகவே பதவி நீக்கத்துக்கான தீர்மானத்தின் வரைவையும், அடுத்து யார் தற்காலிகமாகப் பொறுப்பேற்பார் என்பதையும் இப்போதே தயார் செய்து வையுங்கள். நாங்கள் மேலாளரை நியமிக்கும் அதே கூட்டத்தில் மாற்றுப் பிரதிநிதி ஒருவரையும் நியமித்து, அவர் பெயரிலும் ஒரு பத்திரம் எழுதி, தலைமையகப் பெட்டகத்தில் பிரிக்காமல் வைத்துவிடுகிறோம்.

நீர்விசை எழுதியது:

வரும் வியாழக்கிழமைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் மாற்றுப் பிரதிநிதி நியமனத்தைச் சேர்த்துவிட்டேன். மூன்று மூலப் பிரதிகள், தைப்பதற்கு முன் ஒரு ஸ்கேன்.